பிரேமினியோடு வந்த விளையாட்டுப் பெட்டி

மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள் காளியாயி. கையடக்கமான அந்த வீடியோ கேம் பெட்டியை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கிளம்பும்போது அதன் தலையில் திருநீறு வேறு பூசியிருந்தாள். தீர்த்தம் தெளிக்காமல் விட்டாளே, அதுவே பெரிய காரியம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த மகள் சண்முகவடிவு நினைத்துக்கொண்டாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன இளையவள் பிரேமினி அங்கே வளர்த்த பையனுடையது அது. அவனுக்குப் புதிது வாங்கியதும் பழையதை இவளுக்குக் கொடுத்துவிட்டான். "ஊருக்குப் போனாலும் இதுல அவங்கூட பேசணுமாம். என்னென்னமோ பண்ணி வச்சிருக்கான்" என்று கடைசியாகப் போனில் பேசியபோது சிரித்தாள். தீபாவளிக்கு லீவில் வருவதாக இருந்தவள், அதற்கு முன்பே ஆணியடித்த சவப்பெட்டியில் வந்து சேர்ந்தாள். அவளுடைய சாமான்களோடு இதுவும் வந்தது. சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். மாரடைப்பு என்றார்கள். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறினாலும் மூச்சு வாங்காத பெண் அவள். மாரடைப்பு என்ற அந்த ஒரு சொல் சண்முகவடிவுக்குத் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. என்ன நடந்தது என்று கேட்க, அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன்தான்.

காளியாயியின் கணக்கு வேறு. "மூஞ்சியக் காட்டாம பொதச்சது எப்பிடி எம்புள்ளயா இருக்கும்?" பிரேமினியின் படத்துக்கு மாலை போட விடவில்லை, விளக்கு வைக்கவும் விடவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு விளக்கு ஏற்றுகிற பாவம் தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனது. இந்தச் சாமானோ, போட்டவுடன் ஓரத்தில் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடித்து எதையோ தேடும். பிறகு கிடைக்கவில்லை என்று அணைந்துவிடும். காளியாயி தினமும் அதைப் போட்டு, "தேடுறா பாரு" என்பாள். ஆரம்பத்தில் சண்முகவடிவுக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக பயம் வந்தது. அது இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கவும் முடியவில்லை, முகத்தைக் காட்டிப் படுக்கவும் முடியவில்லை.

அட்டனில் செல்வரத்தினம் மாஸ்டர் வீட்டில் சண்முகவடிவுக்குச் சமையல் வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பல்கலைக்கழகக் கம்பஸ் லீவில் வந்திருந்த மகள் கஜனிதான் விஷயத்தைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

நாற்காலி காட்டியும் காளியாயி தரையில்தான் உட்கார்ந்தாள். கஜனி பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள அந்த வீட்டு வைஃபையின்ட பேர்தான் பதிஞ்சு கிடக்கு வடிவக்கா. போட்ட உடன அதைத்தான் தேடுது. அது குவைத்தில எல்லோ இருக்கு."

"இம்புட்டு நாளா அதயா தேடுச்சு?"

"ஓம். இனி எங்கட வீட்டு வைஃபையைக் காட்டிக் குடுப்பம்."

எழுத்து எழுத்தாகப் பாஸ்வேர்டை அமுக்கினாள். ஏற்கவில்லை. பழைய சாமானுக்கு இந்தப் பூட்டு விளங்குதில்லை என்று சொல்லிக்கொண்டே, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரவுட்டரில் எதையோ மாற்றிவிட்டு மறுபடியும் அமுக்கினாள். பச்சை வெளிச்சம் மினுக்கியது. பிறகு மினுக்குவதை விட்டுவிட்டு அசையாமல் நின்றது. காளியாயி எழுந்து முட்டி போட்டுக்கொண்டாள்.

திரையில் ஒரே ஒரு பெயர், அந்தப் பையனுடையது. பக்கத்தில் ஒரு பூனைப் படம். கஜனி விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கிருந்து அழைப்பு மணி அடித்தது. பெட்டியோடு வந்த இயர்போன் வயரைச் சண்முகவடிவு அவசரமாகக் காதில் செருகிக்கொண்டாள். கஜனி பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"அக்கா" என்றது ஒரு சின்னப் பையனின் குரல். "வந்து சேந்துட்டீங்களாக்கா? பஸ்ஸு கெடச்சிச்சா?"

சண்முகவடிவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. அந்தக் குவைத்துப் பையன் பேசியது லயத்துத் தமிழ். அதிலும் பிரேமினியின் தமிழ். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் பஸ் கிடைத்ததா என்று கேட்கிறவள் அவள். 'அக்கா'வைக் கடைசியில் கொஞ்சம் இழுப்பதுகூட அவளுடையதுதான். ஆணியடித்த பெட்டிக்குள் அடங்காத ஏதோ ஒன்று கடல் தாண்டி ஒரு பிள்ளையின் தொண்டையில் இன்னும் குடியிருந்தது.

"மம்மா சொன்னாங்க, நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு. ஏங்கிட்ட சொல்லவே இல்ல. நான் ஒங்க ரூம்பு கதவ தட்டுனேன். வெளிய பூட்டியிருந்திச்சு. உள்ளுக்கு நீங்க இருமுற மாதிரி கேட்டிச்சு. மம்மா என்னய இழுத்துட்டுப் போயிட்டாங்க. காலைல பாத்தா நீங்க இல்ல."

எத்தனையோ நாளாக மென்றுகொண்டிருந்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. எவ்வளவு நேரம் இருமினாள்? யார் பூட்டினார்கள்? கேட்டால் சொல்வான். ஆனால் கேட்பது யார் என்று அவன் கேட்பானே. கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அவனுக்கும் அந்த நிமிடமே விளங்கிவிடுமே.

"யாருடி? அவளா?" காளியாயி அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, ஏன் பேச மாட்டேங்குறீங்க? கோவமா?"

சண்முகவடிவு வயரில் தொங்கிய மைக்கை வாயருகே பிடித்தாள். தங்கச்சியின் குரல் தன் குரலைவிடக் கொஞ்சம் மெல்லியது. அதுபோலவே மெல்லிசாக்கிக்கொண்டாள்.

"கோவமில்ல தம்பி. பஸ்ஸு கெடச்சிச்சு. வந்து சேந்துட்டேன்."

காளியாயி மகளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமினி உயிரோடு எங்கேயாவது இருந்தால், அவளுக்காக இவள் பேசவேண்டிய தேவை என்ன? முழங்காலைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கழன்றது. யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"போற வழியில வெளக்குக்கு எண்ண வாங்கணும்."

கஜனி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். காதுக்குள் பையன் குரலைத் தாழ்த்தி ரகசியம் பேசினான்.

"அக்கா, ஒங்க செருப்பு அந்தக் கதவுகிட்டயே கெடந்திச்சு. மம்மா வீசப் பாத்தாங்க. நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன். செருப்பில்லாம எப்பிடிக்கா நடந்து போனீங்க?"

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. வாசலில் அம்மாவும் அவளும் கழற்றிப் போட்ட செருப்புகள் நனைந்துகொண்டிருந்தன. பச்சை வெளிச்சம் அணையவில்லை. பையன் பதிலுக்குக் காத்திருந்தான்.