சனிக்கிழமை எண்ணெய்

ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் மோட்டரைப் போட்டான். கேத்தலை அடுப்பில் வைத்தான். பல் விளக்கினான், சவரம் செய்தான். இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினான். ஒன்றில் சீனி, மற்றதில் இல்லை. பல்கனிக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்தான். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் போனது. ஆறரைக்குக் குசினியிலிருந்து நல்லெண்ணெய் காயும் மணம் வந்தது. பிரியந்தன் முக்காலியை எடுத்துப் போட்டான். தலைமுடியை அவிழ்த்து விரித்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தான்.

சனிக்கிழமை. ஆண்கள் எண்ணெய் வைத்து முழுகும் நாள். உலகம் தலைகீழாகப் புரண்டாலும் அவனுடைய மாமியார் சிவக்கொழுந்துக்கு இது புரளாது. மகள் இருந்த காலத்தில் மகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும், மருமகனுக்குச் சனி. இப்போது சனி மட்டும்தான். மகள் துஷ்யந்தி போய் ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகிவிட்டன. மாமியார் ஊருக்குத் திரும்பவில்லை. போங்கள் என்று அவனும் சொல்லவில்லை. வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி வீட்டில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக்கொண்டு இருந்தார்கள்.

அன்றைக்கு எண்ணெய் வழமையை விடத் தாராளமாக இறங்கியது. உச்சியில் ஒரு கை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை, பிறகு நுனிவரை உருவி உருவி. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பிடரியில் வழிந்து முதுகெலும்பு வழியே இறங்கியபோதுதான் அவனுக்குள் ஏதோ விழித்தது.

"மாமி, இண்டைக்கு என்ன?"

"சனிக்கிழமை."

"அதில்லை. இண்டைக்கு வேற என்ன?"

தலையில் இருந்த கை நின்றது.

"ஐயோ முருகா!"

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த அறிவித்தல் ஒரு மாதமாக ஒட்டியிருந்தது. நோயாளிகளுக்குச் செயற்கைத் தலைமுடி செய்வதற்காகத் தலைமுடி சேகரிக்கும் முகாம். கொட்டாஞ்சேனையில், சனிக்கிழமை, காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஆகக்குறைந்தது பன்னிரண்டு அங்குலம் வேண்டும். சாயம் பூசியிருக்கக் கூடாது. கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் அறவே கூடாது. எண்ணெய் என்ற சொல்லின் கீழ் அவனே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தான்.

"நீங்களெண்டாலும் சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"நீங்கள் முக்காலியைப் பாத்தியள், நான் எண்ணெய்ச் சட்டியைப் பாத்தன்."

"இண்டைக்குக் குடுக்கப் போற தலையெண்டு ரெண்டு கரண்டி கூடவெல்லோ விட்டனான்!"

அவன் முடி வளர்க்கத் தொடங்கி இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆகின்றன. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் துஷ்யந்தியின் முடி போனது. புறக்கோட்டையில் வாங்கிய நைலோன் முடி அவளுக்குப் பிடிக்கவில்லை. கொழும்பு வெயிலில் அது அவித்தது, கடித்தது. "தும்புத்தடியைத் தலைகீழாக் கவிட்ட மாதிரி இருக்கு," என்று மூலையில் நின்ற துடைப்பத்தைக் காட்டுவாள். அப்போதுதான் அவன் சொன்னான், நான் வளர்த்துத் தருகிறேன் என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கட தலையை வச்சு எனக்கொரு மீசைதான் கட்டலாம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வளருங்கோ. எனக்குப் பத்தாட்டி ஆருக்காவது குடுப்பம்," என்றாள்.

அவளுக்குப் பத்தவில்லை. முடி ஒரு மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். நோய் அதை விட வேகமாக வளர்ந்தது.

கொள்ளி வைத்தவன் அவன்தான். முறைப்படி அன்று தலையை மழிக்க வேண்டும். சவரத் தொழிலாளி கத்தியோடு வந்து நின்றார். அவனுடைய பெரியப்பா சவுந்தரநாயகம் குதி குதியென்று குதித்தார். பிரியந்தன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றான். "அண்ணை, தாடியை மட்டும் வழிக்கட்டும். தலை என்ர பிள்ளைக்குச் சொன்னது," என்று சிவக்கொழுந்துதான் சொன்னாள். அதற்குப் பிறகு பெரியப்பா அந்த வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

பெரியப்பாவை ஒதுக்கலாம், கம்பனியை ஒதுக்க முடியாது. கொள்ளுப்பிட்டியில் அவன் வேலை பார்க்கும் காப்புறுதிக் கம்பனிக்குப் புதிய மனேஜர் வந்திருந்தார். திங்கட்கிழமை கட்டை முடியோடு வர வேண்டும், அல்லது வேலைநீக்கக் கடிதத்தோடு போக வேண்டும் என்றார். அடுத்த முகாம் ஆறு மாதத்துக்குப் பிறகு. ஆக, துஷ்யந்திக்குச் சொன்ன சொல் இன்று பன்னிரண்டு மணிக்குள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர வேண்டும். அது இப்போது எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

ஷாம்பு போட்டுக் கழுவினான். இரண்டாம் தரமும் கழுவினான். சிவக்கொழுந்து ஒரு டிஷூக் கடதாசியை எடுத்து முடியில் ஒற்றிப் பார்த்தாள். கடதாசி கண்ணாடி போல ஆனது. அதற்கூடாக எதிர்வீட்டு மாடி தெரிந்தது.

"கடலைமா போட்டா இழுக்கும், தம்பி."

"மாமி..."

"நான் சொல்லுறன். கடலைமா."

கடலைமா இழுத்தது உண்மை. ஆனால் இழுத்த எண்ணெயை அது வெளியே விடவில்லை. முடிக்கும் முடிக்கும் நடுவே உருண்டை உருண்டையாகத் தங்கிவிட்டது. தலை பொரிப்பதற்குத் தயாராக இருந்தது. உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்ததில் மணி பத்தாகிவிட்டது.

ஒழுங்கைக்குள் பெண்கள் சலூன் ஒன்று இருந்தது. கதவில் தடித்த திரை, மேலே 'பெண்களுக்கு மாத்திரம்' என்ற பலகை. அதை நடத்துபவள் பஹ்மியா. இந்த ஏழு வருடமும் பிரியந்தன் அந்த வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே கடந்திருக்கிறான். இன்று தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு எதிரே, தெருவின் மறுகரையில் நின்றான். மாமியார் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். பஹ்மியாவின் தலை மட்டும் வெளியே வந்தது.

"வாங்க ஆன்ட்டி, உள்ளுக்கு வாங்க. அவர் அங்கேயே நிக்கட்டும். உள்ளுக்குக் கலியாணப் பொண்ணு ஈக்கிறா."

"எனக்கில்லைப் பிள்ளை. இவருக்குத் தலை கழுவ வேணும்."

"ஆம்புளைக்குச் செய்ய ஏலா ஆன்ட்டி. போர்ட்டுல போட்டு ஈக்கிதானே."

"ஆம்பிளைக்கெண்டு ஆர் கேட்டது? தலைமயிருக்கு. தலைமயிரிலை ஆம்பிளை, பொம்பிளை இருக்கோ?"

பஹ்மியா துவாயைப் பார்த்தாள். சிவக்கொழுந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்: மகளை, முகாமை, சனிக்கிழமையை, கடலைமாவை. உள்ளேயிருந்து மணப்பெண், "தாத்தா, என்ன சத்தம்?" என்று கேட்டாள். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"ஒண்டுமில்ல. நீங்க கண்ணத் தொறக்க வாணாம். மை காயல்ல." பஹ்மியா மறுபடி இவர்கள் பக்கம் திரும்பினாள். "பின்னால பைப் ஒண்டு ஈக்கி. சுத்திக்கிட்டு வாங்க. நான் கை வெக்க மாட்டேன், சொல்லித்தருவேன். ஆன்ட்டி, நீங்கதான் கழுவோணும்."

பின்பக்க ஒழுங்கையில் அவன் வாளிக்கு மேலே குனிந்தான். எதிர்ச் சுவரில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பஹ்மியா பின்கதவுத் திரைக்குப் பின்னால் நின்றபடி ஒரு போத்தலை நீட்டினாள்.

"கொஞ்சமா எடுங்க. வேர்லயிருந்து கீழ. நகத்தால இல்ல ஆன்ட்டி, வெரல் நுனியால!"

"அறுபத்தொரு வயசிலை எனக்குத் தலை கழுவப் படிப்பிக்கினம்."

"இது என்னது உருண்டை உருண்டையா? கடலைமாவா? பஜ்ஜியா சுடப் போனீங்க?"

"இவர்தான் வேண்டாமெண்டவர்," என்றாள் சிவக்கொழுந்து. மாமியார் தன் பிழையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தரம். வாளிக்குள் குனிந்திருந்தபடியே பிரியந்தன் சிரித்தான். மூக்கில் தண்ணீர் ஏறியது.

மூன்று தரம் கழுவினார்கள். பிறகு முடி உலர்த்தும் மெஷின். அதன் வயர் பின்கதவுப் படி வரைதான் எட்டியது. அவன் கதவுக்கு முதுகு காட்டிப் படியில் உட்கார்ந்தான். திரைக்கூடாக மெஷின் வெளியே வந்தது, மாமியார் அதை வாங்கிப் பிடித்தாள். அரைவாசி காய்ந்திருக்கும், உள்ளேயிருந்து மணப்பெண்ணின் தாய், "எங்கட பிள்ளைக்கு முடி காய வெக்க வாணாமா?" என்று கத்தினாள். மெஷின் வந்த வழியே திரும்பிப் போனது.

"மிச்சம் காத்துல காயும்," என்றாள் பஹ்மியா. "மெரின் ட்ரைவால போங்க. ஆண்டவன்கிட்ட எனக்கும் துவா கேக்கச் சொல்லுங்க, அத போடப் போற ஆளுக்கு."

மணி பதினொன்று. முச்சக்கர வண்டி மெரின் ட்ரைவில் ஏறியதும் கடற்காற்று பக்கவாட்டில் வந்து அடித்தது. சிவக்கொழுந்து அவனுடைய முடியை இரண்டு கைகளிலும் அள்ளி, செத்தல் மிளகாயைப் பாயில் பரப்புவது போல, காற்றில் பரப்பிப் பிடித்தாள்.

"தலையை வெளியிலை நீட்டுங்கோ, தம்பி."

"தலை போயிடும், மாமி."

"தலை போனாலும் பரவாயில்லை. மயிர் போகக் கூடாது."

பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் நின்ற ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர் கையசைத்தார். பிரியந்தனும் கையசைத்தான். ஏன் அசைத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "கொண்டே லஸ்ஸனய், அய்யே," என்று சிங்களத்தில் சொன்னார்.

"தலைமயிர் வடிவா இருக்காம்," என்றாள் மாமியார். தானே வளர்த்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முகாம் நடந்த மண்டபத்தில் நுழையும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். மேசைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மயூரி என்ற தொண்டர், கழுத்தில் அளவுநாடாவோடு, கடைசி மேசையில் நின்றாள்.

"அண்ணா, எண்ணெய் ஏதும் வச்சிருக்கீங்களா?"

மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்ல இரண்டு பேருக்கும் ஆசைதான்.

"வச்சது," என்றான் பிரியந்தன். "இண்டைக்குக் காலமை. பிறகு அஞ்சு தரம் கழுவினது."

மயூரியின் முகம் விழுந்தது. "எண்ணெய் இருந்தா எடுக்க மாட்டாங்க அண்ணா. மத்தவங்கட முடியோட சேர்த்துக் கட்டுவாங்க. ஒண்டுல இருந்தா எல்லாம் பழுதாகும்."

அவளும் டிஷூக் கடதாசியைத்தான் எடுத்தாள். நுனியில் ஒற்றினாள். பிரியந்தன் கண்ணை மூடிக்கொண்டான். இந்த ஒரு வருடம் எட்டு மாதத்தில் எதற்கும் வேகமாக அடிக்காத நெஞ்சு அப்போது அடித்தது. அது அவனுக்கே ஆச்சரியம். நடுவில் ஒற்றினாள். பிடரியில், வேர் ஓரமாக ஒற்றினாள்.

"நுனி க்ளீன். நடுவும் க்ளீன்." கடதாசியை வெளிச்சத்தில் பிடித்தாள். "வேர்ப்பக்கம் கொஞ்சம் இருக்கு."

"அப்ப?" என்றாள் சிவக்கொழுந்து. 

"அப்ப என்ன அம்மா, வேரையா வெட்டப்போறோம்? அதுக்குக் கீழதானே!"

"உச்சியிலை விட்ட எண்ணெய் உச்சியோட நிண்டிட்டுது," என்று சிவக்கொழுந்து ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நல்ல எண்ணெய் எண்டா அப்பிடித்தான்."

அளந்தார்கள். பதினான்கு அங்குலம். நான்கு பின்னலாகப் பிரித்து இறப்பர் பட்டியால் கட்டினார்கள். முதல் வெட்டை, கூட வந்தவர்தான் வெட்ட வேண்டும் என்று மயூரி கத்தரிக்கோலை நீட்டினாள். சிவக்கொழுந்து வாங்கி, வைத்து, அழுத்தினாள். போகவில்லை.

"இது என்ன பிள்ளை, கோழி வெட்டுற கத்தரிக்கோலோ?"

"ரெண்டு கையாலயும் அமத்துங்க அம்மா."

நறுக்கென்று ஒரு சத்தம். பின்னல் அவள் கையில் இருந்தது. அதை அப்போதுதான் பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மற்ற மூன்றையும் மயூரி வெட்டினாள். பிரியந்தனின் பிடரியில் மின்விசிறியின் காற்றுப் பட்டது. கூசியது.

"இது ஆருக்குப் போகும்?" என்று மாமியார் கேட்டாள்.

"தெரியாது அம்மா. பலபேருடையதைச் சேர்த்துத்தான் ஒண்டு செய்வாங்க." மயூரி ஒரு படிவத்தை நீட்டினாள். "அண்ணா, கீழ கொஞ்சம் இடம் இருக்கு. போடப்போறவங்களுக்கு ஏதாவது ஒரு வரி எழுதலாம். சிரிக்கிற மாதிரி எழுதினா நல்லம்."

அவன் பேனையை எடுத்தான். 'வணக்கம்' என்று எழுதினான். வெட்டினான். பேனையை வைத்தான்.

"மாமி, ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

"துஷி கடைசியாச் சொன்னது. உங்களுக்கு இன்னும் சொல்லேல்லை."

சிவக்கொழுந்து பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவள் கேட்டதில்லை. செத்தவீட்டில் மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எல்லோருக்கும் சொன்னான். அவர்கள் எதிர்பார்த்த மாதிரியான பேச்சு அது இல்லை. செத்தவீட்டில் சொல்லக்கூடியதும் இல்லை.

அன்று காலை சிவக்கொழுந்து கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் கட்டிலருகே, வாசலுக்கு முதுகு காட்டி நின்றான். முடி அப்போது தோளைத் தொட்டிருந்தது. இறப்பர் பட்டியால் கட்டியிருந்தான். வாசலில் ஒரு புதுத் தாதி வந்து நின்றாள், இருபது வயதுதான் இருக்கும். வந்து நின்று, மிக மரியாதையாக, "நோனா, கொஞ்சம் வெளியே நிற்க முடியுமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். நோனா என்றால் சீமாட்டி. அறையில் கட்டிலில் கிடந்தவளைத் தவிர வேறு பெண் யாருமில்லை. அவன், ஒரு வாரம் மழிக்காத தாடியோடு, தாதியின் பக்கம் திரும்பத் தொடங்கினான். இரண்டு நாளாகக் கண் திறக்காத துஷ்யந்தி ஒரு கண்ணைத் திறந்தாள். உதடு துடித்தது. வலி என்று நினைத்துக் குனிந்தான். வலியில்லை; சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள். பிறகு தூங்கினாள். மறுபடி பேசவில்லை.

"என்ன சொன்னவள், தம்பி?"

அவன் பேனையை மறுபடி எடுத்து, சொல்லிக்கொண்டே எழுதினான்.

"திரும்பாதேங்கோ. பாவம், அந்தப் பிள்ளை வெக்கப்படும்."