சீக்கிரம் வரும் பதில்

புதிய கணினிச் சிப் பலகை ஒருவழியாக வேலை செய்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் நாற்காலிமேலேயே ஏறி நின்றார். அந்த ஒன்றுக்காக மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவள் மட்டும் ஓரமாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒரு சிரிப்புகூட இல்லையா?" என்றார் குழுத் தலைவர்.

"சந்தோஷம்தான் சார்."

பொய்யில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. கணவரின் விபத்துக்குப் பிறகு அவளுக்கு எல்லாமே அப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

கணவர் விளையாட்டு வர்ணனையாளர். பந்து கோலுக்குள் போகுமுன் அவர் வாய் போய்விடும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். தலையில் பட்ட அடியில் கை, கால், நாக்கு எதுவும் சொன்னபடி கேட்பதில்லை. அறிவும் கண்ணும் மட்டும் பழையபடி. திரையில் இருக்கும் எழுத்துகளைப் பார்ப்பார்; கண் எந்த எழுத்தில் நிற்கிறதென்று கேமரா கவனிக்கும். ஓரிரண்டு எழுத்திலேயே அவர் சொல்ல வருவதை ஊகித்து, மொழி மாடல் என்ற கணினி நிரல் வாக்கியமாக்கிச் சத்தமாகச் சொல்லும். நெட் போனால் மனுஷன் பேச்சும் போய்விடுமே என்று மாடலைக் கட்டிலோரப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வினை அங்கேதான் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மாடல் முழுவதையும் நினைவகத்திலிருந்து கணக்குப் போடும் சிப்புக்கு இழுத்து வர வேண்டும். கணக்கு கண் இமைப்பதற்குள் முடியும். இழுத்து வருவதற்குள் உயிர் போகும். ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் கடைக்கு ஓடினால் சமையல் என்றைக்கு முடியும்?

கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகளை நினைவகத்துக்குள்ளேயே, தரவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது அவள் குழு; இன்று ஓடிய பலகை அதுதான். அது தயாராகும்வரை ஒரு குறுக்குவழி. நோயாளிகள் அடிக்கடி சொல்லும் பதில்களைத் திரையோரத்தில் தயாராக வைத்தார்கள். சரி. பரவாயில்லை. தண்ணி. நன்றி. பார்த்த மாத்திரத்தில் குரல் வரும். யோசனை அவளுடையது. அதற்காகப் பாராட்டும் வாங்கினாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த புதிதில், அவள் தலையணையும் கையுமாக நின்று கேட்டாள்: "நான் பக்கத்து ரூம்ல படுத்துக்கட்டுமா?"

"சரி" என்றது பெட்டி.

அன்றிலிருந்து பக்கத்து அறைதான். அவருக்குத் தான் வேண்டாதவளாகிவிட்டதாக நினைத்தாள். முதலில் வலித்தது, அப்புறம் வலிப்பதும் நின்றது. இன்னொரு தரம் கேட்கப் பயம். மறுபடியும் அதே "சரி" வந்தால்? ஆனால் அவர் மனசில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பலகையோடு மல்லுக்கு நின்றாள்.

மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் பொருத்தினாள். நாத்தனார் வழக்கம்போலத் தம்பியின் கட்டிலருகே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காக எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொல்லிப் பழக்கம்.

"தம்பிக்கு இந்த சீரியல்னா உயிர்," என்றாள்.

"அக்கா, முதல்ல அதை நிறுத்து. ஒரு வருஷமா சித்திரவதை," என்றது பெட்டி, உடனே.

நாத்தனார் டிவியை அணைத்தாள். பிறகு சிரித்தாள், அழுதாள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

இருவரும் தனியானார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. "நான் பக்கத்து ரூமுக்குப் போகட்டுமான்னு கேட்டப்ப சரின்னீங்களே, அது நிஜமாவா?"

"இல்ல." அவள் வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. "இங்கேயே படுன்னு சொல்லத்தான் ஆரம்பிச்சேன். பெட்டி திணறிக்கிட்டு இருந்துச்சு. நீ நின்னுக்கிட்டே தூங்கி விழுந்தே. பாவமா இருந்துச்சு. எது சீக்கிரம் வருமோ அதைச் சொல்லிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆரம்பிப்பேன். முடிக்கிறதுக்குள்ள நீ லைட்டை அணைச்சுட்டுப் போயிடுவே."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தச் "சரி"யை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது தன் கைதான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னிக்கு இங்க படுக்கறியா?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து அவளைப் பார்த்தார்.

இந்தக் கேள்விக்காக ஏங்கியவள்தான் அவள். ஏங்கியது ஞாபகம் இருந்தது, ஏக்கம்தான் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"தெரியலைங்க," என்றாள். "எனக்கு எதுவுமே தோணல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டால் அவரால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. அவர் திறக்கட்டும் என்று அவள் அங்கேயே நின்றாள்.