ரிம்மா போட்ட முதல் பட்டியல்

ரிம்மா பாவ்லொவ்னாவால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பாலே குழுவின் கலை இயக்குநர் என்று சொல்லி ஜூனில் அதைக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் முடியப் போகிறது, இன்னும் பழகவில்லை. இருபது வருடம் நாயகியாக ஆடிய கால்கள் மேசைக்கு அடியில் தம் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. எழுந்து நடைவழிக்கு வருவாள், காமா நதி தெரியும் ஜன்னல் வரை போவாள், திரும்புவாள். அங்கே அரட்டை அடிக்கும் பெண்கள் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். மே மாதம் வரை வெறும் ரிம்மா என்று கூப்பிட்டவர்கள், பதவி வந்த அன்றே அப்பா பெயரையும் ஒட்டவைத்து மரியாதை காட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த மரியாதை அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. காலைப் பயிற்சி முடிந்த கையோடு அவள் போட்ட முதல் வேடப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியிருந்தது. சீசனைத் தொடங்கும் பாலே ‘உப்பு மகள்’. நாயகி உஸ்தீன்யா, நடனப் பள்ளியிலிருந்து போன வருடம்தான் வந்த பத்தொன்பது வயதுப் பெண். அலெவ்தினாவின் பெயர் எங்கோ கீழே, ராணியின் தோழிகளில் ஒருத்தியாக இருந்தது.

அலெவ்தினாவும் ரிம்மாவும் பத்து வயதில் ஒன்றாக நடனப் பள்ளியில் சேர்ந்தவர்கள். இருபது வருடம் ஒரே ஒப்பனை அறை. ரிம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால்தான் அலெவ்தினாவுக்கு உப்பு மகள் வேடம். அப்படி மொத்தமே ஆறு முறை ஆடியிருக்கிறாள். பாலே ஆடுகிறவர்களுக்குச் சீக்கிரமே கிடைக்கும் ஓய்வூதியத்துக்கான வருடங்கள் முடிந்த பிறகும், ரிம்மா மேடையை விட்டால் வேடம் தனக்கு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சீசன் கூடுதலாக இருந்தாள். இது ரிம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒத்திகையில், நாயகி கிணற்றைச் சுற்றிவரும் எட்டுச் சுழற்சியில், அலெவ்தினா ஒவ்வொரு முறையும் பின்தங்கினாள். சினேகிதி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று ரிம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

பட்டியலைப் பார்த்தவர்கள் தம் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அலெவ்தினா போட்டாள். திரும்பியபோது ரிம்மா எதிரே நின்றாள்.

"என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க, ரிம்மா பாவ்லொவ்னா."

"அலியா, நீயுமாடி என்னை அப்படிக் கூப்பிடுற?"

"பதவிக்கு மரியாதை குடுக்கறேன். குறையச் சொல்லுங்க."

"சுத்துல லேட்டாயிடுற. எப்பவுமே அப்படித்தான். உனக்கே தெரியும்."

"தெரியும். பழைய ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டரும் அதத்தான் சொல்லுவாரு." அலெவ்தினா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பென்ஷன் காகிதம் மத்தியானம் உங்க மேசைக்கு வரும். உங்க கையெழுத்தும் வேணுமாம்."

பன்னிரண்டு மணிக்கு உஸ்தீன்யாவின் ஒத்திகை. கிணற்றுச் சுழற்சி வந்தது. அதே இடத்தில் அவளும் பின்தங்கினாள்.

"நீயுமா? எங்கம்மா பராக்கு பாக்கற? பாட்டு உன்னை விட்டுட்டுப் போயாச்சு."

"போகலையே. நான் பாட்டோடதான் வந்தேன்," என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

ரிம்மாவுக்குச் சுருக்கென்றது. செருப்பை உதறிவிட்டு, "தள்ளு, பாரு," என்று காலுறையோடு இறங்கி எட்டுச் சுற்றும் சுற்றி நின்றாள். அவள் நின்ற பிறகும் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. சாவகாசமாக இன்னும் இரண்டு தாளம் போய்த்தான் ஓய்ந்தது.

"என்ன ஸாவெலி இக்னாத்தியெவிச், தூக்கமா?"

முப்பது வருடமாக அந்தப் பியானோவில் உட்காரும் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ண டீ குடிக்க அனுப்புங்க," என்றார். உஸ்தீன்யா போனதும் மரியாதையையும் கழற்றி வைத்துவிட்டார்.

"தாள்ல எழுதியிருக்கறததான் வாசிச்சேன், ரிம்மா. நீ ஆடறத நிறுத்தின பிறகுதான் அப்படி வாசிக்கவே முடியுது."

"புரியறாப்புல சொல்லுங்க."

"உன் மொத மேடையில பயத்துல பாட்டுக்கு முன்னால ஓடின. கண்டக்டர் வேர்த்து விறுவிறுத்து வாத்தியத்த எல்லாம் உன் பின்னால விரட்டிக்கிட்டு வந்தாரு. ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. அப்புறம் எவன் திருத்துவான்? அதுவே தாளமாயிடுச்சு."

"அலியா ஆடினப்ப?"

"வாத்தியக்காரங்க கையில உன் ஓட்டம்தானே ஏறியிருந்துச்சு. அலெவ்தினா எழுதினபடி ஆடிச்சு. லேட்டுன்னு பேர் வாங்கிச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ என்ன, சொன்னா கேக்கற ஆளா?"

ரிம்மா இசைத்தாளைப் பிடுங்கி, விரலால் தட்டித் தட்டி எண்ணினாள். கிழவர் சொன்னதுதான் சரி. அவமானத்தில் காது மடல் சுட்டது.

ஏறிய பட்டியலை மாற்றும் வழக்கம் அந்தத் தியேட்டரில் கிடையாது. மாற்றினால் முதுகெலும்பு இல்லாத இயக்குநர் என்று உணவகத்தில் சூப்போடு சேர்த்துக் குடித்துவிடுவார்கள். அவள் ஜன்னலுக்கும் பலகைக்குமாக நாலு முறை நடந்தாள். ஐந்தாம் முறை பேனாவை எடுத்து உஸ்தீன்யாவின் பெயரை இரண்டாவது இடத்துக்குத் தள்ளி, மேலே அலெவ்தினா என்று எழுதினாள். பின்னால் யாரோ, "மூணு மணி நேரம்கூட நிக்கல," என்று சிரித்தார்கள். உஸ்தீன்யா தேநீர்க் கோப்பையோடு அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு பதில் சொல்லவேண்டும். ஆனால் முதலில் ஒப்பனை அறை.

அலெவ்தினா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"நீ லேட் இல்லடி. நான்தான் முந்திட்டேன். இத்தன வருஷமும்," என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள் ரிம்மா.

அலெவ்தினா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவினாள்.

"தினமும் கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், தனியா நின்னு அந்தச் சுத்த வேகமாக்கிப் பாப்பேன். இந்த முட்டி போனது அதுலதான்."

"அலியா..."

"மன்னிப்பெல்லாம் கேக்காத. எனக்குக் குடுக்க வராது. ஆடறேன். ஆனா ஒத்திகைக்கு நீ உள்ள வரக் கூடாது. நீ உக்காந்தா உன் காலு தட்டும். என் கண்ணு அதுலயே போய் நிக்கும்."

நான்கு மணிக்கு ஒத்திகை அறையின் கதவு சாத்தப்பட்டது. இயக்குநர் வெளியே நின்றாள். உள்ளே ஸாவெலி கிணற்றுச் சுழற்சியை வாசித்தார். அவசரமில்லாமல் வந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு சின்ன இழுப்பு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இருந்தது. அது அழகாக இருந்தது. அதோடு அலெவ்தினாவின் பாதம் தரையில் விழும் சத்தம், எட்டு முறையும், சரியாக. இருபது வருடம் தான் ஆடிய பாட்டை ரிம்மா அன்றுதான் முழுதாகக் கேட்டாள்.