பதிவாகாத மழை

'வெளியில் வைக்கும் சென்சாரை மழையில் நனையவிடக் கூடாது' என்று ஆன்லைன் கடையில் அந்த மிஷினுக்குக் கீழே போட்டிருந்தது. சஃபியா அதை இன்னொரு முறை படித்தாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று சந்தேகம் வந்து, போனைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

கொழுந்தன் அப்சருக்கு முத்துப்பேட்டை கடைத்தெருவில் செல்போன் கடை. போன் விற்பதைவிட, விற்ற போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதும் கவர் மாட்டுவதும்தான் அங்கே பெரிய வியாபாரம். அவனுடைய பைக் சீட்டில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பாலிதீன் உறை இன்னும் கிழியாமல் இருக்கிறது. ரிமோட், கால்குலேட்டர், கடைச்சாவி எல்லாமே உறைக்குள்தான் குடியிருந்தன. அவன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சரியாத்தான போட்டிருக்கான். கரண்டு ஐட்டம் மச்சி. நனைஞ்சா போயிரும்ல?"

அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மழைய அளக்குற மிஷின் அப்சரு இது."

"அதுக்காக நனையணுமா?"

வாயைத் திறந்தால் கடை வாசலில் நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த மாடலுக்குத் தள்ளினாள். அது மரச்சட்டம் போட்ட கடிகாரம் மாதிரி இருந்தது. பிறை வளர்வது தேய்வது எல்லாம் காட்டுமாம், மழையை மட்டும் அளக்காது. அதற்கடுத்ததில் பனி கொட்டினால் எச்சரிக்கை வரும். முத்துப்பேட்டையில் பனி கொட்டினால் எச்சரிக்க மிஷின் தேவைப்படாது. கீழே ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'அருமையான பொருள், கலர் சூப்பர், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தார். சஃபியாவுக்கு அந்த மனிதர் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படித் தோன்றக் காரணம் இருந்தது. போன தை மாதம், கதிர் முற்றி, அறுவடை மிஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஒருநாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் பயிர் முழுக்கத் தரையோடு சாய்ந்தது. தண்ணீர் வடிவதற்குள் நெல் கதிரிலேயே முளைவிட்டது. சேதக் கணக்கெடுப்பில் அவர்கள் ஊர் பெயர் இல்லை. மனு, மனுவுக்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு இன்னொரு மனு என்று ஒரு வருஷம் போய், மார்கழியில் திருவாரூரில் நடந்த குறைதீர் கூட்டத்தில்தான் அவளுக்கு பதில் கிடைத்தது. முளைத்துக் காய்ந்த கதிர்க்கட்டு ஒன்றை அவள் மேஜைமேல் வைத்தாள். அதிகாரி முதலில் அதைக் கீழே வைக்கச் சொன்னார்.

"அன்னிக்கு உங்க பிர்காவுல மழை பதிவாகலம்மா."

"பதிவாகலன்னா?"

"பெய்யலன்னு அர்த்தம்."

பிர்காவின் அத்தனை ஊருக்கும் சேர்த்து மழைமானி இருப்பது டவுனில், தாலுகா ஆபீஸ் வளாகத்தில். அன்றைக்குப் பெய்த மழை அங்கே போய்க் கையெழுத்துப் போடாமல் நேராக வயலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வயல்காரி விஜயலட்சுமி எழுந்து, "அப்ப என் வயல்ல முழங்கால் அளவுக்கு நின்ன தண்ணிய யாரு சார் கொண்டாந்து ஊத்துனது?" என்று கேட்டாள். வாய்க்கால் உடைப்பாக இருக்கும், அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார் அவர். சஃபியா விடாமல் நின்றதும் அவருக்கே இரக்கம் வந்து விளக்கினார். "நீங்க சொல்றது உணர்ச்சி மேடம். நான் சொல்றது டேட்டா. உங்ககிட்ட டேட்டா இருந்தா கொண்டாங்க."

பஸ்ஸில் திரும்பும்போதே, வீட்டில் சொந்தமாக ஒரு மழை மிஷின் வைப்பது என்று சஃபியா முடிவு செய்துவிட்டாள். விஜயலட்சுமி கேட்டாள். "நம்ம வீட்டு மிஷின் சொன்னா அந்தாளு ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு. ஆனா அவர் மூஞ்சிக்கு நேரா காட்டணும் விஜயா. பெய்யலன்னு இன்னொரு வாட்டி அவர் சொல்றத நான் சும்மா கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

கத்தாரில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் கணவன் யூனுஸுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் ஒரேயொரு நிபந்தனை வைத்தான். ஆப் இருக்க வேண்டும். "அப்பத்தான் நானும் இங்கேருந்து நம்ம வயலப் பாத்துக்குவேன்." வயலைப் பார்த்துக்கொள்வது என்றால் அவனுக்கு எந்தச் சிரமமும் வராத ஒரு வேலை. அவளுக்கு வேண்டியது மழையை அளக்கிற உறுப்பு. தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேலே அகலமான புனல், அதற்கடியில் தராசு மாதிரி ரெண்டு பக்கமும் சாயும் குட்டிக் கரண்டி. ஒரு பக்கம் நிறைந்தால் கவிழும். கவிழ்ந்ததை எல்லாம் கூட்டி, வீட்டுக்குள் இருக்கும் திரையில் மழை இவ்வளவு என்று காட்டும். பொய் சொல்ல இடமில்லாத அமைப்பு என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆப்பும் இருந்தது.

தை பிறந்து பெட்டி வந்து சேர்ந்தது. அறுவடை மிஷின்காரனைப் பிடிக்க அவள் போயிருந்த நேரத்தில் அப்சரே வந்து மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் பைப் அடித்து மாட்டிவிட்டான். திரும்பி வந்து கீழேயிருந்து பார்த்தாள். காற்றை அளக்கும் குட்டிக் கிண்ணங்கள் சுற்றின. உள்ளே திரையில் வெயில் அளவு, காற்றின் வேகம் எல்லாம் ஓடியது. மழை என்ற இடத்தில் பூஜ்யம். அன்றைக்கு அது நியாயம்தான்.

அறுவடை மிஷின்காரன், திங்கட்கிழமை வருகிறேன் என்றிருந்தான். வெள்ளிக்கிழமை பஜ்ர் தொழுகைக்கு அவள் எழுந்தபோதே கொல்லைப்புறத் தகரத்தில் சத்தம் தொடங்கிவிட்டது. போன வருஷத்து அதே மழை, முகவரி தப்பாமல் வந்திருந்தது. விடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினாள். விஜயலட்சுமி ஏற்கெனவே வரப்பில் நின்று, மண்வெட்டியால் வடிகாலைத் திறந்துவிட முயன்றுகொண்டிருந்தாள். திறந்த வழியாகத் தண்ணீர் உள்ளேதான் வந்தது. பயிர் பாத்தி பாத்தியாகச் சாய்வதை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு மட்டும் நல்லது," என்றாள் சஃபியா. "இந்த வாட்டி கணக்கு இருக்கு."

வீட்டுக்கு வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். மழை: 0.0.

கையைத் துடைத்துக்கொண்டு திரையையும் துடைத்தாள். 0.0. வாசலில் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. அப்போது போன் அடித்தது. யூனுஸ்.

"என்ன, போன் எடுக்கவே இல்ல?"

"வயல்ல நின்னேன். எல்லாம் சாஞ்சிருச்சுங்க. ஒரே மழை."

"மழையா? ஆப்புல ஜீரோன்னு காட்டுது?"

"நான் நனைஞ்சு போயி நிக்கிறேன்."

"இல்ல புள்ள, நான் இப்பக்கூடப் பாத்தேன். ஜீரோதான். லேசா தூறியிருக்கும். நீ சும்மா பதறாத."

கூட்டத்தில் அதிகாரி சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அந்த மனிதர் சம்பளத்துக்குச் சொன்னார். இவன் தாலி கட்டிய... கருகமணி கட்டிய புருஷன். அவனுக்குத் தோதாக ஆப் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மழை நின்றுபோயிருந்தது. சேதி கேட்டு அப்போதுதான் வந்த அப்சர், பைக் சீட்டைத் துடைத்துவிட்டு அவள் பின்னாலேயே ஏறினான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, டேங்க் ஏணியில் ரெண்டு படி ஏறியதும் மிஷின் அவள் முகத்துக்கு நேராக வந்தது. புனலின் வாயில் கண்ணாடி மாதிரி ஒரு பாலிதீன் உறை. விளிம்பைச் சுற்றி ரப்பர்பேண்ட், அதன்மேல் இன்னொரு ரப்பர்பேண்ட். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக்குமிழி இல்லை. கைதேர்ந்த வேலை. மழையின் கனத்தில் உறை குழிந்து உள்ளே இறங்கி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. மீதியெல்லாம் எப்போதோ வழிந்து போயிருந்தது.

அவள் திரும்பி அப்சரைப் பார்த்தாள்.

"நனைஞ்சிரும்னுதான் மச்சி," என்றான் அவன். "அது என்னமோ வாரண்டி வேற சொன்னான்."

அவள் திட்டுவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். திட்டவில்லை என்றதும் பயம் அதிகமாகி ஒரு படி மேலே வந்தான். "ஒண்ணும் கெட்டுப்போவல. இந்தத் தண்ணிய அப்படியே புனல்ல ஊத்திருவோம். வேற தண்ணியா என்ன? பேஞ்ச தண்ணிதான இது. நம்ம வீட்டு மேல பேஞ்சது. கணக்கு வந்துரும்ல?"

"வழிஞ்சது?"

"அதுக்கு ஒரு மக்கு சேத்து ஊத்திக்கலாம்."

மாடியிலிருந்து வயல் தெரிந்தது. எருமைக் கூட்டம் புரண்டு எழுந்து போன மாதிரி கிடந்தது. வடக்கே டவுன் பக்கம் வானம் துடைத்துவிட்ட நீலம்; அங்கே தாலுகா ஆபீஸ் மழைமானி காய்ந்த வாயோடு உட்கார்ந்திருக்கும், யாராவது வந்து பார்த்து ஒரு பூஜ்யம் எழுதுவார்கள். இங்கேயும் பூஜ்யம். ரெண்டு கணக்கும் ஒத்துப்போகிறது என்று அந்த அதிகாரி பாராட்டக்கூடச் செய்வார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர்பேண்டுகளைக் கழற்றினாள். உறையின் ஓரங்களை நாலு பக்கமும் சேர்த்துப் பிடித்து, பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி மெல்லத் தூக்கினாள். அப்படியும் ஒரு பக்கம் சரிந்து கொஞ்சம் புனலுக்குள் சிந்திவிட்டது. உள்ளே எங்கோ கரண்டி கவிழ்ந்தது. டக். சிறிது பொறுத்து இன்னொரு டக்.

வெயில் சுள்ளென்று அடித்தது. மாடியெங்கும் ஆவி கிளம்பியது. அப்சர் கையிலிருந்த போனில் யூனுஸ் தொண்டையைச் செருமினான்.

"ஆங், நீ சொன்னது சரிதான் புள்ள. இப்பத்தான் ஆரம்பிக்குது போல. 0.6 காட்டுது. சீக்கிரம் உள்ள போ, நனையாத."

சஃபியா ஏணியில் அசையாமல் நின்றாள். ரெண்டு கையிலும் உறை. அதற்குள், சிந்தியது போக, ஒரு சொட்டும் குறையாமல் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் சூரியன் ஆடிக்கொண்டிருந்தது. கீழே புனல் வாயைத் திறந்துகொண்டிருந்தது.