மீதி எத்தனை?

விடைத்தாளைப் பார்த்ததுமே டீச்சர் அது யாருடையது என்று கண்டுகொண்டாள். பெயர் தெரியாது, எண் மட்டும்தான். பெயரைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும் என்று கூட்டத்தில் அடம்பிடித்தவளே அவள்தான். ஆனால் இடது கையால் எழுதி, எழுதியதையெல்லாம் கை ஓரத்தாலேயே தேய்த்து வைக்கிற வேலை அவள் மகளைத் தவிர வேறு யாருக்கு வரும்!

எல்லாம் அந்தக் கிரேக்க ஞானியால் வந்த வினை. எந்தக் காலத்திலோ உட்கார்ந்துகொண்டு குறையே இல்லாத ஊர் ஒன்றைக் கனவு கண்டாராம்.

"தங்கம் வீட்டுல இரும்பு பொறக்கலாம், இரும்பு வீட்டுல தங்கம் பொறக்கலாம். பெத்தவங்க யாருன்னு பாக்கவே கூடாது சார்" என்று அவர் சொன்னதையே இவள் கூட்டத்தில் முழங்க, தலைமையாசிரியர் மயங்கிப்போனார். ஏழு வயதிலேயே தேர்வு. தேறினால் படிப்பு, இல்லாவிட்டால் பட்டறை. பள்ளி முடியும்வரை மாற்றம் கிடையாது. நடுவில் மாற்றினால் சிபாரிசு நுழைந்துவிடும் என்று அதையும் சொன்னவள் இந்த மகராசிதான்.

படிப்புப் பிரிவில் மிச்சம் ஒரே இடம். மேசையில் இரண்டு தாள்கள், இதுவரை சம மதிப்பெண். கடைசிக் கணக்கு மட்டும் பாக்கி. பத்துப் பழங்களை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் மீதி எத்தனை? யார் வீட்டுப் பிள்ளையோ, முதல் தாளில் அழகாக 'ஒன்று' என்று எழுதியிருந்தது. கை பட்டுத் தேய்ந்த மற்றதில், 'மீதி இருக்காது. அதை அம்மாவுக்குக் குடுத்துடுவேன்.'

"முடிஞ்சுதா டீச்சர்?" ஆயா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். "எம் பொண்ணு காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நானுந்தான். யாரு வீட்டுப் புள்ளைன்னு பாக்க மாட்டீங்களாமே? நீங்க நல்லா இருக்கணும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மகளின் தாளில் ஊன்றினாள். ஞானி கனவு கண்ட அந்த ஊரில் எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை எதுவென்று தெரியாது. கல்லூரியில் அதைப் படித்தபோது, "இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கா?" என்று திட்டினாள். மனுஷன் தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று இப்போது உறைத்தது. ஆனால் அந்த ஊரில் இப்படி ஒரு பதிலை எந்தப் பிள்ளை எழுதும்? அங்கே மீதி ஒன்றுதான், என்றைக்கும் ஒன்றுதான். அதை நினைக்க அழுகை வந்தது.

"பட்டியலை ஒட்டணும் டீச்சர்," வாசலில் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதோ சார்."

ஆயா நாற்காலிக்கு அடியில் கூட்ட வந்தாள். டீச்சர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். தாளில் ஊன்றியிருந்த பேனா முனையிலிருந்து சிவப்பு மை, 'அம்மாவுக்கு' என்ற சொல்லை நோக்கி மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.