மின்னாத தூள்

அந்தச் சத்தம் அத்தாவுல்லாவுக்கு மட்டும்தான் கேட்டது. கூட்டாளி பக்தவச்சலத்துக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதோடு நிற்காமல், அப்படி ஒரு சத்தமே கிடையாது என்றும் அவர் சொல்லிவிட்டார்.

1934ஆம் வருஷம், மாசி மாதம். திருவொற்றியூரில் அத்தாவுல்லாவின் தோல் கிடங்கு. கிடங்கின் ஒரு பாதியில் உப்புப் போட்ட தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மறு பாதியில் விமானம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து இருவரும் கூட்டாக வாங்கியது. முன்னும் பின்னுமாக இருவர் உட்காரலாம். சிறகுகளைப் பின்பக்கமாக மடக்கிவிட்டால் லாரியில் கட்டி இழுத்துப் போகலாம். ஞாயிறுதோறும் எண்ணூர் உப்பளங்களைத் தாண்டியிருந்த கெட்டித் தரைக்கு இழுத்துப் போய், அங்கிருந்து கிளம்புவார்கள். இருவரும் பரங்கிமலைத் திடலில் ஒன்றாகப் பறக்கக் கற்று, ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள். அத்தாவுல்லாவுக்குத் தோல் வியாபாரம். பக்தவச்சலத்துக்கு ராயபுரத்தில் மரவாடியும், அதை ஒட்டி மரம் அறுக்கும் மில்லும்.

"டிக்குனு கேக்குது நைனா. இஞ்சின் சூடேறி, வேகத்தைக் கொறைச்சா மட்டும். கூட்டுனா மறைஞ்சிடுது."

"காதுல வண்டு கிண்டு பூந்துகிச்சா பாய்? இஞ்சின்னா சத்தம் போடத்தான் போடும். போடலன்னாதான் பயப்படணும்."

பக்தவச்சலம் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் அல்ல. எழுந்து போய் விமானத்தின் மூக்கிலிருந்த மர விசிறியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சுற்றிக் காட்டினார். நான்கு சிலிண்டருக்கும் நான்கு இடத்தில் விசிறி முரண்டு பிடித்து நின்று, பிறகு நழுவியது.

"பாத்தியா? நாலும் கப்புனு புடிக்குது. பிஸ்டன் மோதிரம் தேஞ்சிருந்தா வழுக்கிகினு போவும். ஆயில் குடிக்கிறதும் கூடல. அப்பறம் எங்கேர்ந்து வருது ஒன் டிக்கு?"

இரண்டும் சரியான சாட்சிகள்தான். அத்தாவுல்லா அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் சத்தம் சத்தமாகவே இருந்தது. மூன்று வாரமாகத் தூக்கத்தில்கூட அது எங்கிருந்து வருகிறது என்றே தேடிக்கொண்டிருந்தார்.

வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிறு போன்றதாக இருந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். அன்று பக்தவச்சலம் தன் மனைவி சொக்கம்மாளை முதன்முறையாக ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஒரு வருஷமாகக் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார். கடல் மேலாகத்தான் போக வேண்டும், அப்போதுதான் அழகு தெரியும் என்று வேறு பிடிவாதம். வழியில் இஞ்சின் நின்றால் இறங்குவதற்குக் கீழே தண்ணீர்தான் இருக்கும்.

போகாதே என்று தடுக்கவும் வழியில்லை. கூட்டுப் பத்திரத்தின் ஐந்தாவது ஷரத்து இப்படிச் சொன்னது: 'ஒருவர் பறப்பதை மற்றவர் தடுத்தால், காரணத்தைக் கையில் காட்ட வேண்டும். சகுனம், கனவு, மனசு சரியில்லை என்பன காரணம் ஆகா.' அதை எழுதியவரே அத்தாவுல்லாதான். பூனை குறுக்கே போனதென்று பக்தவச்சலம் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அவரைப் பறக்க விடாமல் தடுத்த கோபத்தில், சொல்லுக்குச் சொல் யோசித்து எழுதியது.

"ஷரத்து ஞாபகம் கீதா பாய்? கையில காட்டு, வுட்டுடறேன்."

புதன்கிழமை காலையில் அத்தாவுல்லா ஆயில் சல்லடையைக் கழற்றினார். இஞ்சினுக்குள் சுற்றிவரும் ஆயில் அந்தக் கம்பி வலை வழியாகத்தான் போய் வரும். உள்ளே எது தேய்ந்தாலும் அதன் தூள் வலையில் வந்து தங்க வேண்டும். வலையைப் பெட்ரோலில் அலசி, அலசிய பெட்ரோலைப் பீங்கான் கிண்ணத்தில் தெளிய வைத்தார். அடியில் கறுப்பு வண்டல். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது வண்டல் முழுக்க மினுமினுத்தது.

பக்தவச்சலமும் குனிந்து பார்த்தார். கேலியை விட்டுவிட்டுக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"இது இன்னா உலோகம்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் அத்தாவுல்லா. "இஞ்சினுக்குள்ள ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு உலோகம். தூளு எதுன்னு தெரிஞ்சா எடம் தெரிஞ்சிடும்."

"யாரு சொல்லுவாங்க? காலேஜ் வாத்தியாரா?"

"யானைக்கவுனி குப்பம்மா."

குப்பம்மா பொற்கொல்லர் தெருக்களில் சாக்கடை அரிக்கிறவள். கடை திறக்கும் முன்பே வாசல் மண்ணையும் சாக்கடை வண்டலையும் வாரிக் கூடையில் கட்டி, குழிந்த மரத்தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி, தட்டார் கையிலிருந்து தவறிய பொன் தூளைப் பிரித்தெடுப்பாள். தம்பியின் கடைக்குப் போகும் வழியில் அத்தாவுல்லா பல நாள் நின்று அதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

வியாழன் காலையில் கிண்ணத்தை ஒரு துணியில் கட்டிக்கொண்டு இருவருமே போனார்கள். குப்பம்மா குழாயடியில் குந்தியிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாக்கடை அரிக்கிற பொம்பளைக்கிட்ட ஏரோப்ளேனைக் காட்டுறான் பாரு" என்று சிரித்தார் பக்தவச்சலம்.

"ஏரோப்ளேன் இந்தத் தட்டுல கொள்ளாது நைனா. தூளை மட்டும் குடு" என்றாள் அவள்.

பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரை விட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினாள். பிறகு தட்டை ஆட்டத் தொடங்கினாள். இடது கை பிடிக்க, வலது கை ஓரத்தைத் தட்ட, தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து வழிந்து கறுப்பு விலகியது. தட்டின் ஓரத்தில் மினுங்கும் வரி ஒன்று ஒதுங்கியது. குனிந்து பார்த்தாள், ஊசியால் ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"சாய்பு, ஒங்க இஞ்சின் கல்யாணத்துக்குப் போயி வந்துச்சா?"

"இன்னாம்மா?"

"சுருட்டை சுருட்டையா கீது பாரு. இது ஜரிகை. வெள்ளிக் கம்பி, மேல முலாம். எத்தினி பொடவை எரிச்சி ஜரிகை எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அத்தாவுல்லா திரும்பிப் பார்த்தார். பக்தவச்சலம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். போன மாதம் ஆயில் மாற்றியபோது தொட்டியின் வாயையும் புனலையும் துடைக்க அவர் கொண்டுவந்த கந்தல், அவருடைய கல்யாண அங்கவஸ்திரம். ஜரிகைக் கரையைக் கிழித்துப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அஞ்சாவது ஷரத்து பாய்! என் கையில இன்னா குடுக்கப் போற? என் அங்கவஸ்திரத்தையா?"

குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அத்தாவுல்லாவுக்குக் காது சுட்டது. தூள் இஞ்சினுடையது இல்லை என்பதில் ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. காட்டுவதற்கு இருந்த ஒன்றும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது. கிண்ணத்தை எடுக்கக் குனிந்தார்.

குப்பம்மா தட்டை ஆட்டுவதை நிறுத்தியிருக்கவில்லை.

"இன்னாத்துக்கு அவசரம்? மின்னுறத எடுத்துக்கினு தட்டைக் கவுத்துட்டா எம் பொழப்பு நடக்குமா? நல்லது எப்பவும் அழுக்குப் புடிச்சி மங்கலாத்தான் அடியில குந்திகினு இருக்கும்."

இடுப்பு முடிச்சிலிருந்து காந்தத்தை எடுத்துத் தட்டின் மேல் ஓட்டினாள். இரும்புப் பொடி மயிர்க் கொத்துப் போல ஒட்டிக்கொண்டு வந்தது, கொஞ்சம்தான். இன்னும் நாலு ஆட்டு. அடியில் விரல் நகத்தளவுக்கு ஒரு பழுப்பு வண்டல் மிஞ்சியது. மின்னவே இல்லை.

"இது ஜரிகை இல்ல. தட்டைத் தட்டையா கீது, பாக்குச் சீவல் கணக்கா. அரத்தால அராவுனா பொடி உருண்டையா இருக்கும். இது ஒண்ணோட ஒண்ணு மோதி மோதி உரிஞ்சது."

"ஜரிகைக்குள்ளயும் செம்பு இருக்குமே" என்றார் பக்தவச்சலம். சிரிப்பு நின்றிருந்தது. அவரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி குப்பம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. மெழுகு நுனியில் ஒரு சீவலை ஒட்டியெடுத்து, கறுப்பு உரைகல்லில் இழுத்தாள். பக்கத்திலேயே ஒரு செம்புக் கம்பியையும் இழுத்தாள். கம்பி போட்ட கோடு சிவப்பு. சீவல் போட்ட கோடு மஞ்சள் ஓடிய சிவப்பு.

"வெங்கலம்" என்றாள். "ஜரிகைய நான் எடுத்துக்கறேன், இன்னா?"

அன்று மதியமே கிடங்கில் இஞ்சின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார்கள். வெண்கலம் இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று, மேலே வால்வை அமுக்கும் எட்டுக் கைகளின் அச்சில். எட்டையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆடவில்லை. மற்றொன்று உள்ளே. பிஸ்டனையும் அதைத் தள்ளும் தண்டையும் கோத்துப் பிடிக்கும் ஊசியைச் சுற்றி ஒரு வெண்கல வளையம். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு. சிலிண்டரைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

"நாலையும் கயட்டுனா ஞாயித்துக்கெழமை போச்சு" என்றார் பக்தவச்சலம். "வெங்கலம் கொஞ்சம் தேயறது சகஜம்தான் பாய். சத்தம்னு ஒண்ணு இருந்தா நானும் ஒத்துக்குவேன்."

விமானத்தை வெளி முற்றத்துக்குத் தள்ளி, வாலைப் பூவரச மரத்தில் கட்டி, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து இஞ்சினைக் கிளப்பினார்கள். அத்தாவுல்லா மூங்கில் கழி ஒன்றை எடுத்தார். பக்தவச்சலம் பிடுங்கிப் போட்டார்.

"மூங்கில் உள்ள பொத்தல். சத்தத்துக்குத் தேக்குதான்." மரவாடிக்காரர் கேலியில்கூடச் சரக்கை விட்டுக்கொடுக்க மாட்டார்.

சூடேறியதும் வேகத்தைக் குறைத்தார்கள். தேக்குக் கழியின் ஒரு நுனி சிலிண்டரில், மறு நுனி அத்தாவுல்லாவின் காதில். டிக், டிக், டிக். கடிகாரம் போலத் தெளிவாக. கழியைக் கூட்டாளியிடம் நீட்டினார். பக்தவச்சலம் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"ஒண்ணியும் இல்ல."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அத்தாவுல்லா அந்த முகத்தையே பார்த்தார். இருபது வருஷம் மரம் அறுக்கும் மில்லுக்குள் நின்ற மனிதர். திடீரென்று ஒன்று கேட்டார்.

"நைனா, ஒங்க வூட்ல கொசுத் தொல்லை எப்படி?"

"எங்க வூட்லயா? கொசுவே கெடையாது பாய். அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஒண்ணுகூட வர்றதில்ல."

"ராயபுரத்துல கொசு இல்லாத வூடு!" என்றார் அத்தாவுல்லா. சிரிக்கவில்லை. "ரீங்காரத்த வுடு, கடிக்குதா?"

பக்தவச்சலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கை தானாக முழங்கையைச் சொறிந்தது.

அத்தாவுல்லா கழியை வாங்கி அதன் நுனியைத் துடைத்தார்.

"காதுல வைக்காத. பல்லால கடிச்சிப் புடி, அதிர்வு தெரியும்" என்று அத்தாவுல்லா கழியை மறுபடி நீட்டினார். பக்தவச்சலம் கடித்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவருடைய விரல் ஒன்று தொடையில் தாளம் போடத் தொடங்கியது. சத்தத்தின் அதே தாளம்.

அதற்குப் பிறகு கழியை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக, இஞ்சினை நிறுத்தி அதன் பிளக் கம்பிகளைக் கழற்றிக் கட்டி, மறுபடி கிளப்பிக் கடித்துப் பார்த்தார். முதலாவதை நிறுத்தினாலும் தாளம் இருந்தது. இரண்டாவதை நிறுத்தினாலும் இருந்தது. மூன்றாவதை நிறுத்தியபோது மங்கிவிட்டது. நான்காவதற்கு மறுபடி வந்தது. "மூணு" என்று கழியைக் கடித்தபடியே சொன்னார்.

சனிக்கிழமை மூன்றாவது சிலிண்டரைத் தூக்கி எடுத்தார்கள். தண்டின் தலையில் பிஸ்டன் தனியாக நின்றது. அத்தாவுல்லா கூட்டாளியின் வலது கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். பக்தவச்சலம் அசைத்தார். அசையவே கூடாத பிஸ்டன், மேலும் கீழுமாக லொடக் லொடக்கென்று ஆடியது. உள்ளே வெண்கல வளையத்தில் ஒரு பக்கம் தேய்ந்து, விளிம்பில் விரிசலும் விட்டிருந்தது.

"ஷரத்துப்படி கையில குடுத்துட்ட" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொக்கம்மாள் குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். ராத்திரி கிடங்கிலேயே தங்கி, ஆள் அனுப்பிச் சொல்லலாம் என்று இருந்தவர்கள் இஞ்சின் மும்முரத்தில் மறந்துபோயிருந்தார்கள். தலையைச் சுற்றிப் பட்டுத்துணி இறுக்கிக் கட்டியிருந்தாள், காற்றுக்கு.

"இன்னா பாய் அண்ணே! ஒரு வருசமா கெஞ்சி என்னை வரச் சொல்லிட்டு, வர்ற அன்னிக்குப் பிரிச்சிப் போட்டுகினு குந்திக் கீறீங்க?"

அத்தாவுல்லா நடந்ததை முதலிலிருந்து சொன்னார், கொசுவை மட்டும் விட்டுவிட்டு. அவள் குனிந்து பிஸ்டனைத் தானே ஆட்டிப் பார்த்தாள். மறுபடி ஆட்டினாள்.

"எத்தினி நாளா இப்படி ஆடிகினு கீது?"

"எனக்குக் கேட்டு மூணு வாரம் ஆச்சு தங்கச்சி."

"இவருக்கு?"

"எனக்குக் கேக்கல சொக்கு" என்றார் பக்தவச்சலம். "கேக்கிறதில்ல. வியாழக்கெழமைதான் தெரிஞ்சிது."

அவள் அவரைப் பார்த்தாள். பார்வை மறுபடி இஞ்சினுக்குத் திரும்பியது.

"செரி. இது மூணாவது. ஒண்ணு, ரெண்டு, நாலு? அதுங்களும் இதே வயசுதான? அதையெல்லாம் கயட்டிப் பாத்தீங்களா?"

இரண்டு விமானக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொக்கம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்த நட்டு மொதல்ல?"

அத்தாவுல்லா ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். பிடி முழுக்க எண்ணெய். துடைக்க ஒரு துணி என்று அவள் கையை நீட்ட, பக்தவச்சலம் தோளில் கிடந்த துண்டை உருவினார்; உருவியவர் நின்று, அத்தாவுல்லாவும் எட்டிப் பார்க்க, அதன் கரையை நாலு பக்கமும் விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.