ஹனியாவின் முத்தின வெண்ணெய்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய சந்தில் ஹனியா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிவருபவன் வழிகாட்டி மைமூன். வரும்போதெல்லாம் சமையலறைக்குள் தலையை நீட்டி ஒரு சட்டம் போடுவான்.

"அக்கா, உப்புப் போட்டு மாசக்கணக்கா புளிக்க வெச்சிருக்கீங்களே, அந்த முத்தின வெண்ணெயைப் போட்றாதீங்க. நாத்தம்னு எழுந்து ஓடிருவாங்க."

"அதுவும் இல்லேன்னா இந்தக் குஸ்குஸ் ரவைச் சோத்துல என்னடா இருக்கு? வெந்நீரும் கேரட்டுமா?"

"ஆள் கூட்டிட்டு வர்றது நான். சொன்னதைச் செய்யுங்க."

வேறு கடைக்குப் போய்விடுவானோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சப்பென்று சமைத்துவந்தாள் ஹனியா. அந்த வெள்ளிக்கிழமை வந்த பிரெஞ்சுத் தம்பதி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்கள்.

"ருசியே இல்லையாம். ஏன்க்கா என் மானத்தை வாங்கறீங்க?" என்று மைமூன் அவர்கள் முன்னாலேயே சீறினான்.

ஹனியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், தன் வீட்டாருக்காக ஆக்கி வைத்திருந்த சட்டியை அப்படியே தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். வெண்ணெய் வாடை சந்து வரைக்கும் அடித்தது. தம்பதி முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு சட்டியை வழித்துத் தின்றார்கள். அந்த அம்மாள் ஹனியாவின் கையைப் பிடிக்க எழுந்தபோது மைமூன் நடுவில் புகுந்தான்.

"நான்தான் உங்களுக்காகவே செய்யச் சொன்னேன்," என்று பிரெஞ்சில் நெஞ்சைத் தட்டினான். அந்த அளவு பிரெஞ்சு ஹனியாவுக்கும் தெரியும். அம்மாள் அவன் கையைக் குலுக்கினாள்.

"இனிமே வெண்ணெய் போட்டுத்தான் சமைப்பேன், மைமூன்."

"போடுங்கக்கா. நான் எப்ப வேண்டாம்னேன்?"

அகப்பையை அவன் தலையில் போடாமல் இருக்க, ஹனியா இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.